'ஆ' காட்டுங்க, கல் உடைக்கணும்!

முதல் வேலையே சாயம் பூசுவதுதான். ஆமாம், பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவரின் பல்லில் சாயம்! பஞ்சை ஒரு திரவத்தில் தோய்த்து மேல்வரிசை, கீழ்வரிசை, முன்பக்கம், உள்பக்கம் என்று ஒரு பல் விடாமல் ஒற்றி எடுக்கிறார் டாக்டர். "கொப்புளிச்சுத் துப்புங்க ஐயா." அவரும் துப்பிவிட்டு நிமிர்கிறார். கையில் கண்ணாடியைக் கொடுக்கிறார்கள். ஈறை ஒட்டிய ஓரமெல்லாம் ரோஸ் நிறம். பல்லும் பல்லும் சேருகிற சந்துகளில் கருநீலம். நடுப்பல்லின் வயிற்றுப்பகுதி மட்டும் வெள்ளை.

"என்ன தாயி இது? காலைலதான நல்லா அழுத்தித் தேச்சேன்!"

"தேச்ச இடம் வெள்ளையா இருக்கு பாருங்க ஐயா. விட்ட இடம்தான் கலர் காட்டுது. ரோஸ் புதுசு. நீலம் ரெண்டு மூணு நாள் பழசு."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று, எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்பது வரை ஒரே நிமிடத்தில் பிடிபட்டுவிட்டதே!

பல் கிளீனிங் செய்துகொண்ட யாரைக் கேட்டாலும் 'கிர்ர்ர்' சத்தம், கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, வாய் நிறையத் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். நாற்காலி சாய்ந்த உடனே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறோம். நம் வாய்க்குள்ளேயே நடக்கிற வேலையை நாம்தான் பார்ப்பதில்லை. மதுரையில் ஒரு பல் மருத்துவமனையில், டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் டிரிப்புக்கு ஒரு டீ, இடையிடையே வெற்றிலை. மகளின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருக்கிறார். "பாருங்க, நல்லா பாருங்க, எனக்கும் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

அதற்கு முன்னால் டாக்டர் கேட்டவை: சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா, நெஞ்சில் பேஸ்மேக்கர் ஏதும் வைத்திருக்கிறாரா. பல்லுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் முகம் கேட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

சரி, சாயத்தில் மாட்டிய அந்தப் பொருள் என்ன? டாக்டர்கள் 'பிளாக்' என்பார்கள். தமிழ்ப் பாடநூல்களில் பற்படலம். நாம் ஊத்தை என்போம். பல் தேய்த்து முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின்மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகின்றன. அந்தத் தோலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் முதலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை பெருகி, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்துகொள்கின்றன. நேரம் போகப்போக வேறு வேறு வகைகள் வந்து சேர்கின்றன. கடைசியாக வருபவை காற்றே வேண்டாதவை. ஈறுக்கடியில் இருட்டில் வாழ்பவை. மனித வாய்களில் இதுவரை கண்டறிந்த பாக்டீரியா வகைகள் மட்டும் 700க்கு மேல்!

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் டாக்டரே இல்லை, ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் ஊரைச் சேர்ந்த துணி வியாபாரி. பெயர் ஆண்டனி வான் லேவன்ஹூக். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்த்து, குச்சியால் சந்துகளைக் குடைந்து, துணியால் துடைத்துக்கொள்கிற மனிதர். அப்படியும் பல்லிடுக்கில் மாவு போல வெள்ளையாக ஏதோ மிஞ்சுகிறதே என்று சுரண்டி எடுத்து, தான் செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே துள்ளிக்கொண்டு திரிந்தன உயிர்கள்! 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வினிகர் ஊற்றினால் சாகின்றனவா என்று சோதித்தார். பல்லிலிருந்து பிரித்தெடுத்துக் கலக்கிய உயிர்கள் செத்தன. பல்லிலேயே கெட்டியாக ஒட்டியிருந்த படலத்தில் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்தன, உள்ளே இருந்தவை தப்பிவிட்டன. மவுத்வாஷ் ஊற்றிக் கொப்புளித்தால் போதாதா என்று இன்று கேட்பவர்களுக்கு, 340 ஆண்டுக்கு முன்பே அந்த வியாபாரி பதில் சொல்லிவிட்டார். அந்தப் பசையைக் கரைத்து ஓட்ட முடியாது. தேய்த்தோ சுரண்டியோதான் எடுக்க வேண்டும்.

எடுக்காமல் விட்டால்? கல்லாகிவிடும். உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. படலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடுகிறது. போர் தண்ணீர் நின்ற எவர்சில்வர் குடத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. இதுதான் காறை. இதன்மேல் பிரஷ்ஷை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பிரஷ்தான் தேயும்.

யார் வாயானாலும் காறை அதிகமாக எங்கே இருக்கும் என்று, கண்டக்டர் ஐயா மறுபடி வாயைத் திறக்கும் முன்பே டாக்டர் சொன்னார். "கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி ஒண்ணு. மேல் கடைவாய்ப் பல்லுல கன்னத்துப் பக்கம் ஒண்ணு." திறந்தால் அதே இடங்கள்! மாயமில்லை. நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள்; நாக்கின் அடியில் நடுவில் இரண்டு சின்ன மொட்டுகள் தெரியும். உமிழ்நீர் ஊறி வருகிற வாய்கள் அவை. அங்கிருந்து நேராகக் கீழ் முன்பற்களின் உள்பக்கம்தான் நனைகிறது. கன்னத்தின் உள்ளே, மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே இன்னொரு வாய் இருக்கிறது. சுண்ணச்சத்து எங்கே கொட்டுகிறதோ அங்கேதான் கல் முளைக்கிறது. இதைக் கேட்டதும் என் நாக்கைத் தூக்கிப் பார்க்கக் கண்ணாடி தேடினேன். நீங்களும் இப்போதே எழுந்து போய்ப் பார்க்கலாம், கட்டுரை எங்கும் போய்விடாது.

இனி மெஷின்.

பேனா போல ஒரு கைப்பிடி, அதன் நுனியில் வளைந்த மெல்லிய உலோக 'டிப்', அதற்குப் பின்னால் ஒரு குழாய், காலடியில் ஒரு பெடல். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைப்பிடிக்குள் இருப்பதைக் கேளுங்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று ஜாக் க்யூரி, பியர் க்யூரி என்ற அண்ணன் தம்பி 1880இல் பாரிஸில் கண்டார்கள். மேரி க்யூரியைப் பின்னாளில் கைப்பிடித்தாரே, அதே பியர். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பதையும் அடுத்த ஆண்டே உறுதி செய்தார்கள். அந்த நெளிவுதான் டிப்பை ஆட்டுகிறது, விநாடிக்கு 25,000 முதல் 50,000 முறை வரை. நகர்கிற தூரமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மின்விசிறி, மிக்ஸி என்று சுற்றுகிற எதுவும் இதற்குள் கிடையாது. பல்லைக் குடைகிற டிரில் வேறு, இது வேறு. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பயந்து வராமலே இருந்துவிடுகிறார்கள், பாவம்.

பெடலை மிதித்ததும் டிப்பிலிருந்து தண்ணீர் புகையாகக் கிளம்பியது. தண்ணீர் இல்லாமல் இந்த வேலை இல்லை. அந்த வேக அதிர்வில் டிப் சூடாகும், பல்லும் சூடாகும், தண்ணீர் குளிர்விக்கிறது. உடைந்த துகளைக் கழுவித் தள்ளுகிறது. அதோடு, அதிர்கிற தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடைகின்றன. உடையும்போது படலத்தைக் கலைக்கின்றன. உதவியாளர் அக்கா சக்‌ஷன் குழாயைக் கன்னத்தோரம் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குப் போகாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார். டாக்டர் கை நகர நகர அக்காவின் கையும் நகர்கிறது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒத்திசைவைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் வரலாம்.

டாக்டர் டிப்பின் கூரான முனையால் குத்துவார் என்றுதான் நினைத்திருந்தேன். முனை பல்லில் படவே கூடாதாம். டிப்பின் பக்கவாட்டை மட்டும் பல்லோடு படுக்க வைத்து, சும்மா வருடுகிறார். அழுத்தினால் அதிர்வு அடங்கிவிடும், வேலை நடக்காது. கல் உடைக்கிற வேலையில் இவ்வளவு மென்மையா! கீழ் முன்பற்களின் பின்னால் நாலு பல்லையும் ஒரே மதிலாக ஒட்டியிருந்த மஞ்சள் காறையை மேலிருந்து கீழே வருடினார். மறுபடி வருடினார். மூன்றாவது வருடலில் 'டக்'. ஒரு சில்லு பெயர்ந்து நாக்கில் விழுந்தது. ஐயாவின் கண் அகலத் திறந்தது.

அந்தச் சில்லை டாக்டர் எனக்காகத் துணியில் எடுத்து வைத்தார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். வெளிப்பக்கம் சொரசொரப்பு, டீக்கறை பழுப்பு. புரட்டினால் உள்பக்கம் வழவழவென்று பல்லின் வளைவை அப்படியே அச்செடுத்து வைத்திருக்கிறது! எத்தனையோ வருடத்துச் சாப்பாட்டின் துளிகளும் அந்தக் கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும். தொல்லியல் ஆய்வாளர்கள் இதற்காகவே பழைய எலும்புக்கூடுகளின் காறையைத் தேடிப் போகிறார்கள். ஜெர்மனியில் டால்ஹைம் என்ற ஊரில் பழைய கன்னியர் மடத்துக் கல்லறையில், ஏறத்தாழ 900 ஆண்டுக்கு முன் இறந்த ஒரு பெண்ணின் காறையைக் கரைத்துப் பார்த்தபோது நீலத் துகள்கள் மின்னின. லாபிஸ் லஜூலி! ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டி எடுத்து, பொன்னின் விலைக்கு விற்ற நீலக்கல்லின் பொடி. புனித நூல்களில் ஓவியம் தீட்டும்போது தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கியிருப்பார், அப்படித்தான் ஏறியிருக்கும் என்று 2019இல் எழுதினார்கள். பெயர் தெரியாத ஓர் ஓவியக்காரியைப் பல் காறை காட்டிக்கொடுத்திருக்கிறது! அந்தக் காலத்து நூல்களை எழுதியதும் வரைந்ததும் ஆண் துறவிகள்தான் என்ற எண்ணத்தை அந்தத் துகள்கள் அசைத்துவிட்டன. ஐயாவின் காறைக்குள் என்ன இருக்கும்? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் டீ, வெற்றிலை, சுண்ணாம்பு, தூசி.

மெஷின் சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்றுதான் நினைப்போம். இல்லை, நுணுக்கமான கட்டம் இனிதான்.

டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை. அதற்கு மேலே கறுப்புப் பட்டை, 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி எண் சொல்கிறார், அக்கா குறிக்கிறார். "மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, அஞ்சு." மூன்று வரை இயல்பு. ஐந்து என்றால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விட்டிருக்கிறது. அந்தப் பைக்குள் இருக்கும் காறை வெள்ளையோ மஞ்சளோ அல்ல, கறுப்பு. கசிந்த ரத்தத்தின் நிறம் அதில் ஏறிவிடுகிறது. கண்ணாடியில் தெரியாது, வலிக்காது. பற்களை ஆட்டி விழவைப்பதற்கு வழி போடுவது அங்கேதான்.

"அக்கா, பதிமூணு பதினாலு குடுங்க."

எண்ணைச் சொல்லிக் கேட்கிற அந்தக் கருவிதான் கிரேசி கியூரெட். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கிளேட்டன் கிரேசியின் பெயர் அதற்கு. ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்ற வளைவோடு தனித்தனி எண். பதினொன்று-பன்னிரண்டு கடைவாய்ப் பல்லின் முன்பக்கச் சுவருக்கு. பதிமூன்று-பதினான்கு அதே பல்லின் பின்பக்கச் சுவருக்கு. யாருமே எட்டிப் பார்க்க முடியாத மூலைக்கென்று ஒரு மனிதர் உட்கார்ந்து வளைவு கண்டுபிடித்திருக்கிறாரே! இருபுறத்தில் ஒரு புறம் மட்டுமே வெட்டும். மற்றது ஈறைக் கிழிக்காதபடி உருட்டியிருக்கிறது.

டாக்டர் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டார். கியூரெட் ஈறுக்கடியில் நழுவி மறைந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவர் வாயைப் பார்க்கவே இல்லை! பார்வை எங்கோ சுவரில். முழுக்க முழுக்க விரல் நுனிதான் பார்க்கிறது. காறை இருந்தால் கம்பி தடுக்கும். வேர் சுத்தமாக இருந்தால் வழுக்கும். அந்தத் தடுக்கல் விரலுக்குத் தெரிந்த கணத்தில் அடியிலிருந்து மேலே ஓர் இழுப்பு. மறுபடி தடவல், மறுபடி இழுப்பு. "சொரசொரப்பு போயிடுச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே வந்த கியூரெட்டின் நுனியில் கறுப்பாய் ஒரு துணுக்கு. மெஷினை வியந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னை மயக்கியது அந்த விரல் நுனி.

இடையில் கொப்புளித்தபோது தண்ணீரில் சிவப்பு. ஐயா பதறிவிட்டார். "ரத்தமா வருதே தாயி! பல்லு ஆடிராதுல்ல? கிளீன் பண்ணுனா சந்து விழுந்துரும்னு எங்க அண்ணன் சொல்லுச்சு."

தமிழ்நாட்டில் பலரைப் பல் டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிற பேச்சு இது. சந்து முன்பே இருந்தது. காறை அதை அடைத்துக்கொண்டிருந்தது. காறை போனதும் நாக்குக்கு அது புதிதாகப் படுகிறது. வீங்கியிருந்த ஈறு சில நாளில் வற்றி இறுகும்போது இன்னும் கொஞ்சம் இடம் தெரியும். ஏற்கெனவே எலும்பு கரைந்து பிடிமானம் போன பல்லைக் காறை சிமென்ட் போட்டது மாதிரி நிறுத்தியிருந்தால், எடுத்தபின் ஆட்டம் தெரியலாம். கரைத்தது காறையும் அதிலுள்ள கிருமியும், பழி மெஷின்மேல். சில நாள் பல் கூசும், அதுவும் அடங்கும். ரத்தம் வந்தது ஈறு வீங்கியிருந்ததால்தான். நல்ல ஈறு இப்படிக் கசியாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு துணிச்சலான சோதனை இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவர் குழுவும் நல்ல ஈறு கொண்ட 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள்! பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிக் கசிந்தது. தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. 1965இல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் படலத்தின்மேல் குற்றத்தை உறுதியாக நிறுத்தியது.

அதே லோ 1970இல் இலங்கைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆண் தொழிலாளர்கள் 480 பேர். பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவம் அவர்களை எட்டியதே இல்லை. பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். எல்லார் வாயிலும் படலம், காறை, ஈறு வீக்கம். ஆனாலும் 8 சதவீதத்தினருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாகச் சரிந்தது, 81 சதவீதத்தினருக்கு நடுத்தரமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்துக்கு மேல் போகவே இல்லை. ஒரே அழுக்கு, ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது என்று உலகம் கற்றுக்கொண்டது அந்த மலைகளில்தான். இன்றும் பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடம். நம் மலையக மக்களுக்கு ஒரு பல் டாக்டர்கூட எட்டாமல் இருந்ததால் கிடைத்த பாடம் என்பது எனக்கு வலிக்கவே செய்கிறது.

ஐயாவின் வாயில் இனி மெருகு. ரப்பர் கிண்ணத்தில் ப்யூமிஸ் எனும் நுரைக்கல் பசையைத் தொட்டு மெதுவாகச் சுற்றினார்கள். வெற்றிலைக் கறை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. இது அழகுக்குத்தான், கூடவே வழவழப்பான பரப்பில் படலம் ஒட்டுவது கடினம். சில இடங்களில் இதற்குப் பொடியைக் காற்றோடும் தண்ணீரோடும் பீய்ச்சுகிறார்கள். ஐயா நாக்கால் உள்பக்கம் துழாவிப் பார்த்து, "வழுக்குது தாயி!" என்று சிரித்தார். பல்லிடுக்குக்குச் சின்னத் தூரிகை ஒன்றைக் கொடுத்து, சாயத்தில் நீலம் காட்டிய சந்துகளில் அதை எப்படி விடுவதென்று அவர் கையைப் பிடித்தே காட்டினார் டாக்டர். ஐந்து வந்த இடத்தை மட்டும் ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டுமாம்.

நான் அக்காவின் பின்னால் உள்ளறைக்கு ஓடினேன். கருவிகள் முதலில் அதிர்வுத் தொட்டியில் குளிக்கின்றன. பிறகு கியூரெட்டை எடுத்து விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "வெளிச்சம் பட்டு ஒரு கோடு மின்னுச்சுன்னா மொன்னையாயிருச்சுன்னு அர்த்தம். கூரா இருந்தா விளிம்பு மின்னாது." எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் தீட்டி, ஒரு பிளாஸ்டிக் குச்சியில் சுரண்டிப் பார்த்தார், கடித்தது. மெஷின் டிப்பை ஓர் அட்டையின் கோட்டோடு வைத்து அளந்தார். இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் குப்பைக்கு. தேறியவை காகிதப் பைக்குள் போய் ஒட்டி, ஆட்டோகிளேவுக்குள் 121 டிகிரி நீராவியில் வெந்து வரும். பையின் ஓரத்திலிருக்கும் பட்டை நிறம் மாறியிருந்தால்தான் வேலை சரியாக நடந்ததென்று கணக்கு.

அக்கா மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே முன்னறையிலிருந்து குரல் வந்தது. "அடுத்தவங்க வரலாம்! அக்கா, கலர் பாட்டிலும் பஞ்சும்!"